வண்டிப்பேட்டை முதல் நோ பார்க்கிங் போர்டு வரை: ஓசூர் கதை

இன்னைக்கு எபிசோட் பார்க்கிங் பத்தினது. வரலாறு பேசுற இடத்துல பார்க்கிங்குக்கு என்ன வேலைன்னு சிலருக்குத் தோணலாம். ராஜாக்கள் கதையை ஒரு வாரம் தள்ளி வைப்போம். நீங்க தினமும் வண்டியை எங்க நிறுத்துறீங்க, யாரு அதுக்கு அனுமதி குடுத்தாங்க, அந்த இடம் யாரோடது, இதுக்கெல்லாம் நூறு வருஷத்துக்கு மேல நீளுற ஒரு கதை இருக்கு. அந்தக் கதையைச் சொல்ல தமிழ்நாட்டுல ஓசூரை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியலை.

ஏன் ஓசூர்? 1980-ல இந்தியாவோட முதல் ரெண்டு பேர் போற மொபெட் இந்த ஊர்லதான் தயாராச்சு. டிவிஎஸ் 50. அசோக் லேலண்ட் லாரியும் பஸ்ஸும் செய்யுற தொழிற்சாலை அதே 1980-ல இங்க வந்தது. இப்ப ஏதர் ஸ்கூட்டர் ஓசூர்ல தயாராகுது. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துல, போச்சம்பள்ளி பக்கம், ஓலா எலெக்ட்ரிக் தொழிற்சாலை. மொபெட்ல இருந்து மல்டி ஆக்ஸில் லாரி வரைக்கும் நாட்டுக்கே வண்டி செஞ்சு அனுப்புற ஊர் இது. அந்த ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு பாகலூர் ரோட்டுலயோ தளி ரோட்டுலயோ ஒரு டூவீலரை ஓரங்கட்டி நிறுத்திப் பாருங்க. கடைக்காரர் ஒருத்தர் கல் வெச்சிருப்பார், இன்னொருத்தர் கயிறு கட்டியிருப்பார், மூணாவது கடையில சின்னதா ஒரு போர்டு தொங்கும்: "நோ பார்க்கிங்". அந்த போர்டை வெச்சது மாநகராட்சி கிடையாது, போலீஸும் கிடையாது. அந்தக் கடைக்காரரே வெச்சது. சட்டப்படி அதுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஆனா எல்லாரும் மதிக்கிறோம்.

இதை எப்படி மாத்தலாம்னு பேசுறதுக்கு முன்னாடி, இது எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும்.

முதல்ல ஒரு வார்த்தை. வண்டிப்பேட்டை. தமிழ்நாட்டுல பல ஊர்ல இந்தப் பேர்ல ஒரு தெருவோ பஸ் ஸ்டாப்போ இருக்கும். இது மாட்டு வண்டிக் காலத்து பார்க்கிங். சந்தைக்கு நெல்லும் புளியும் ராகியும் ஏத்திக்கிட்டு வர்ற வண்டிகள் ஊர் எல்லையில இருக்குற பேட்டையில நிக்கும். மாட்டை அவிழ்த்துக் கட்ட இடம், தண்ணித் தொட்டி, வைக்கோல் விக்கிறவர், ராத்திரி படுக்க ஒரு மண்டபமோ சத்திரமோ. வண்டியையும் மாட்டையும் மனுஷனையும் ஒரே இடத்துல கவனிச்சுக்கிட்ட ஏற்பாடு அது.

ஓசூருக்கு இதுல ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. 1799-ல நாலாம் மைசூர் போர் முடிஞ்சு திப்பு இறந்த பிறகு இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்து, சேலம் மாவட்டத்தோட சேர்ந்தது. 1824-ல ராணுவக் குதிரைகளுக்காக இங்க ஒரு பண்ணை ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னால கால்நடைப் பண்ணையா மாறி இன்னைக்கும் மத்திகிரியில இருக்கு. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல. அரசாங்கம் அன்னைக்குப் போக்குவரத்துக்கு நம்பினது குதிரையை. அதனால குதிரைக்கு நிக்க, மேய, ஓய்வெடுக்க இடம் ஒதுக்குச்சு. பின்னால வந்த எந்த வாகனத்துக்கும் இந்த ஊர்ல அவ்வளவு இடம் கிடைக்கலை!

சரி, பேட்டைக்கு வருவோம். 1920-ல மதராஸ் மாகாணத்துல மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையும் அதோட திருத்தங்களையும் படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமா இருந்துச்சு. வண்டிப்பேட்டைக்குன்னே அதுல தனிப் பகுதி இருக்கு. நகராட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம். அதுல நிக்கிற வண்டிக்குக் கட்டணம் வாங்கலாம். பேட்டை அமைச்சுட்டா, அதுக்கு இவ்வளவு தூரத்துக்குள்ள தெரு ஓரத்துல யாரும் வண்டியை நிறுத்தக்கூடாதுன்னு தடை போடலாம். தனியார் யாராவது பேட்டை நடத்தணும்னா நகராட்சிகிட்ட லைசென்ஸ் வாங்கணும்.

வரிசையைக் கவனிங்க. தடை போடுற அதிகாரம், இடம் குடுக்குறதோட பிணைஞ்சு இருக்கு. முதல்ல பேட்டை, அப்புறம்தான் தடை.

இன்னொரு விஷயமும் அதுல உண்டு. கட்டணம் கட்ட மறுத்தா என்ன பண்றது? வண்டியில இருக்குற சாமான்லயோ சரக்குலயோ, பாக்கித் தொகைக்கு ஈடாகுற அளவை மட்டும் எடுத்து வெச்சுக்கலாம். அது போதலைன்னாதான் வண்டியைப் பிடிக்கணும். இன்னைக்கு சக்கரத்துல மஞ்சள் பூட்டு மாட்டுறாங்களே, அதோட கொள்ளுத்தாத்தா இதுதான். தாத்தா கொஞ்சம் நியாயமானவர்னு எனக்குப் படுது. எவ்வளவு பாக்கியோ அவ்வளவுதான் பிடிப்பார்.

இது செத்துப்போன ஏற்பாடுன்னு நினைச்சுடாதீங்க. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துலயும் வண்டிப்பேட்டை இருக்கு. அங்க ஒரு விளக்கமும் குடுத்திருக்காங்க: வண்டிப்பேட்டைங்கிறது எந்த விதமான வாகனமும் நிக்கிற இடத்தைக் குறிக்கும், மோட்டார் வாகனமும் சேர்த்து. அதாவது ஓசூரைச் சுத்தி இருக்குற ஒரு ஊராட்சி நாளைக்கு கார் பார்க்கிங் ஆரம்பிச்சா, சட்டத்தோட கண்ணுல அது ஒரு வண்டிப்பேட்டை.

வண்டியை எங்க நிறுத்துறதுங்கிற சண்டை நம்ம ஊருக்கு மட்டும் உரியதில்லை. கிமு 45-ல, ஜூலியஸ் சீசர் காலத்து ரோம் சட்டம் ஒண்ணு, சூரியன் உதிச்சதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் சரக்கு வண்டிகள் நகரத்துக்குள்ள ஓடக்கூடாதுன்னு சொல்லுது. கோயில் கட்டுமானத்துக்குப் போற வண்டி, குப்பை வண்டி மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. அப்ப வண்டிகள் பகல் முழுக்க எங்க நின்னிருக்கும்? ரோமுக்கு வெளிய. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஜூஜூவாடிக்கு வரும்போது திரும்பத் தேவைப்படும்.

மோட்டார் காலத்துல முக்கியமான தேதி 1935 ஜூலை 16. அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டி. உலகத்தோட முதல் பார்க்கிங் மீட்டர் அன்னைக்கு நட்டாங்க. யோசனை கார்ல் மாகீங்கிற பத்திரிகை ஆசிரியரோடது. மணிக்கு 5 சென்ட். அவங்க பிரச்னை என்ன தெரியுமா? கடைத்தெருவுல வேலை பார்க்குறவங்களே காலையில வந்து கடை வாசல்ல காரை நிறுத்திட்டு சாயங்காலம்தான் எடுத்தாங்க. சாமான் வாங்க வர்றவங்களுக்கு இடம் இல்லை. கட்டணம் வெச்சதும் நாள் பூரா நிறுத்துறவங்க நகர்ந்தாங்க, இடம் சுழல ஆரம்பிச்சது. ஓசூர் பஜார்ல ஒரு நாள் காலையில ஒன்பதரை மணிக்கு நின்னு பாருங்க. முதல்ல வந்து கடை முன்னாடி நிக்கிற வண்டி யாரோடது? கடையைத் திறக்க வந்தவரோடதும், அங்க வேலை பார்க்குறவங்களோடதும்தான்.

அமெரிக்கா இன்னொரு வழியையும் பிடிச்சது. 1923-ல கொலம்பஸ்ங்கிற ஊர்ல, அடுக்குமாடி கட்டினா இத்தனை கார் நிறுத்த இடம் விட்டே ஆகணும்னு விதி போட்டாங்க. இந்த "குறைந்தபட்ச பார்க்கிங்" விதி மெல்ல உலகம் முழுக்கப் பரவுச்சு. தெருவுல இருக்குற பிரச்னையை வீட்டுக்காரர் தலையில கட்டிட்டா அரசாங்கத்துக்குச் சுலபம், இல்லையா? டொனால்டு ஷூப்ங்கிற பேராசிரியர் 2005-ல எழுதின புத்தகம் இதைத்தான் தாக்குச்சு. இலவச பார்க்கிங்னு ஒண்ணு கிடையாது, வாடகையிலயும் சாமான் விலையிலயும் கார் இல்லாதவங்களும் சேர்ந்து அதுக்குக் காசு குடுக்குறாங்கன்னு அவர் சொன்னார். அதுக்கப்புறம் 2017-ல மெக்சிகோ சிட்டி, குறைந்தபட்சம்னு இருந்த அளவை அதிகபட்சம்னு மாத்தினாங்க. இதுக்கு மேல போக வேண்டாம், இனிமே விடமாட்டோம்.

இப்ப ஓசூர். சிப்காட் 1971-ல ஆரம்பிச்ச நிறுவனம். பின்தங்கிய பகுதிகள்ல தொழில் வளரணும்ங்கிறது நோக்கம். அப்ப ஓசூர் தருமபுரி மாவட்டத்துல இருந்தது. வானம் பார்த்த பூமி, ராகி, மானாவாரி. ஆனா பெங்களூர் 40 கிலோமீட்டர். நிலம் இருந்துச்சு, குளிர்ச்சியான காத்து இருந்துச்சு, சலுகையும் சேர்ந்தது. கம்பெனிகள் வந்தன. டைட்டன் வாட்ச் தொழிற்சாலை எண்பதுகள்ல வந்தது. டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல உருவாக்கின கம்பெனி அது.

இங்கதான் விஷயத்தோட முடிச்சு இருக்கு. சிப்காட்டுக்குள்ள ரோடு அகலம், மனைப் பிரிவு, கம்பெனி காம்பவுண்டுக்குள்ள லாரி திரும்ப இடம், எல்லாத்துக்கும் பிளான் இருந்துச்சு. வேலைக்கு வர்ற மனுஷன் எங்க தங்குவான், அவன் வண்டி எங்க நிக்கும்னு யோசிக்கிற வேலை பஞ்சாயத்துகள்கிட்ட போச்சு. ஓசூர் நகராட்சியானதே 1990-கள்லதான். தொழிற்சாலை வந்து பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு. மாநகராட்சி ஆனது 2019-ல. ஊர் எப்பவும் தொழிற்சாலைக்குப் பத்து வருஷம் பின்னாடியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2001 கணக்கெடுப்புல 84 ஆயிரம் பேர். 2011-ல பழைய எல்லைக்குள்ளயே 1 லட்சத்து 16 ஆயிரம். எல்லையைத் தாண்டி மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடின்னு சுத்தி இருந்த ஊர்களைச் சேர்த்தா அதுக்கு ரெண்டு மடங்கு.

எண்பதுகள்ல இது பெருசாத் தெரியலை. தொழிலாளி சைக்கிள்ல வந்தார், இல்லைன்னா கம்பெனி பஸ். சைக்கிளைச் சுவத்துல சாய்ச்சாப் போதும். அப்புறம் அந்தத் தொழிலாளி செஞ்ச மொபெட்டையே அவர் தவணையில வாங்கினார். அப்புறம் பைக். அவர் பையன் பெங்களூர்ல ஐடி கம்பெனியில சேர்ந்தான், வீட்டுக்கு முதல் கார் வந்தது. வீடு மட்டும் அதே 30-க்கு 40 மனை. தெரு அதே இருபதடி. ஓசூர்ல பல குடும்பங்களோட நாப்பது வருஷ முன்னேற்றத்தை அவங்க வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியை வெச்சே சொல்லிடலாம். அதை நான் கிண்டலாச் சொல்லலை. பார்க்கிங் பத்திப் பேசுற பல பேர் கார் வாங்கினதே தப்புங்கிற தொனியில பேசுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. பஸ் சரியா ஓடாத ஊர்ல ஷிப்ட் முடிச்சு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புறவருக்கு வண்டி ஆடம்பரம் கிடையாது.

விதிக்கு வருவோம். இன்னைக்கு ஓசூர்ல ஒரு வண்டி நிக்கிற இடத்தை எத்தனை பேர் தீர்மானிக்கிறாங்க? மோட்டார் வாகனச் சட்டம் 1988. அதுல 122-வது பிரிவு, ஆபத்தாவோ இடைஞ்சலாவோ வண்டியை விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லுது. அதுக்கு அஞ்சு பிரிவு முன்னாடி, 117-ல, உள்ளாட்சியோட கலந்து பேசி வண்டி எங்க நிக்கலாம்னு அரசு தீர்மானிக்கலாம்னு இருக்கு. "எங்க நிக்கலாம்" ஒரு பிரிவு, "எங்க நிக்கக்கூடாது" ஒரு பிரிவு. நம்ம ஊர்ல 122 மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. அபராதம் போடுறது போக்குவரத்து போலீஸ். உள் தெரு மாநகராட்சியோடது. பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறையோடது. என்.எச். 44-ம் அதோட ஓரமும் 2002 தேசிய நெடுஞ்சாலை நிலக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குக் கீழ வருது. கட்டடத்துக்குள்ள எவ்வளவு இடம் விடணும்ங்கிறது 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதைப் பார்க்க நகர ஊரமைப்புத் துறை, புதுநகர வளர்ச்சிக் குழுமம். 2022-ல ஓசூருக்குன்னு தனி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமமும் அறிவிச்சாங்க. இத்தனை பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை அந்தக் கடைக்காரர் ஒரு கல்லை வெச்சு முடிச்சிடுறார்.

அந்த 2019 விதிகள்ல ஒரு அளவு இருக்கு. ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். பன்னிரண்டரை சதுர மீட்டர். நம்ம கணக்குல சொன்னா 134 சதுர அடி. சிப்காட்டைச் சுத்தி வெளியூர்ப் பசங்க வாடகைக்கு இருக்குற "டென் பை டென்" ரூம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது 100 சதுர அடி. அதுல மூணு பேர், சில சமயம் நாலு பேர், ஷிப்ட் மாத்தித் தூங்குறாங்க. ஒரு காருக்குச் சட்டம் கேக்குற இடம் அந்த ரூமை விடப் பெருசு. காரைத் திருப்ப வழியும் சேர்த்தா கிட்டத்தட்ட ரெண்டு ரூம்.

ஆக, ஓசூர்ல ஒருத்தர் நாலு மாடி கட்டி சின்னச் சின்ன வீடா வாடகைக்கு விடணும்னா, தரைத்தளத்துல கார் நிறுத்துற இடத்துக்கு ஆகுற செலவை எங்க சேர்ப்பார்? வாடகையிலதான். அங்க குடிவர்றவர்கிட்ட ஒரு பைக் மட்டும்தான் இருக்கும். பைக்குக்கு விதி கேக்குற இடம் ஒரு மீட்டருக்கு 1.8 மீட்டர். ஒரு கார் இடத்துல ஆறு பைக் தாராளமா நிக்கும். காகிதத்துல கார் பார்க்கிங் காட்டி அனுமதி வாங்கி, கட்டி முடிச்சதும் அதுல ரெண்டு கடையை விட்டுடுறதும் ஊருக்குத் தெரிஞ்ச விஷயம். அப்புறம் கடைக்கு வர்ற வண்டி ரோட்டுல. விதியை மீறினார்னு கட்டினவரைத் திட்டலாம், திட்டவும் வேணும். ஆனா தொழிலாளர் குடியிருப்புக்குப் பொருந்தாத ஒரு கணக்கைப் போட்டுக் குடுத்துட்டு, மீறாம இருப்பாங்கன்னு எதிர்பார்க்குறது எந்த ஊர் நியாயம்?

இதை விடப் பெரிய விஷயம் லாரி. ஓசூர் பார்க்கிங்கைப் பத்தி யோசிக்கிற யாரும் கார், பைக்கோட நின்னுடுறாங்க. எனக்கு அதுதான் வருத்தம்.

ஜூஜூவாடி சோதனைச்சாவடி முன்னாடி லாரிகள் வரிசையா நின்ன காலம் உங்க அப்பாக்களுக்கு ஞாபகம் இருக்கும். விற்பனை வரிக் காகிதம் காட்டணும், முத்திரை வாங்கணும். மணிக்கணக்குல நிக்கும். 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிக்கு வேலை இல்லாமப் போச்சு. வரிசை குறைஞ்சுது. ஆனா லாரி நிக்கிறது நிக்கலை. ஏன்னா லாரி நிக்கிறதுக்குக் காரணம் வரி மட்டும் இல்லை. பெங்களூருக்குள்ள பீக் நேரத்துல கனரக வண்டி போகக்கூடாது. சீசரோட ரோம் மாதிரியே. நேரம் ஆகுற வரைக்கும் எல்லைக்கு இந்தப் பக்கம் நிக்கணும். கொண்டுவந்த சரக்கை இறக்கினாலும் ரிட்டர்ன் லோடு கிடைக்கிற வரைக்கும் நிக்கணும். அப்புறம் ஆட்டோமொபைல் தொழில் உலகம் முழுக்கப் பழகின "ஜஸ்ட் இன் டைம்" முறை ஒண்ணு இருக்கு. குடோன்ல சரக்கை அடுக்கி வைக்காம, தேவைப்படுற நேரத்துக்கு உதிரி பாகம் வந்து சேரணும். சீக்கிரம் வந்துட்டா கேட்டுக்கு வெளிய காத்திருக்கணும். யோசிச்சுப் பாருங்க, குடோன் எங்க போச்சு? ரோட்டோரத்துக்கு வந்துடுச்சு. கம்பெனிக்கு மிச்சமான வாடகையை ரோடு சுமக்குது.

அந்த லாரிக்குள்ள ஒரு டிரைவர் இருக்கார். நாமக்கல்லோ சங்ககிரியோ சொந்த ஊரா இருக்கலாம், ராஜஸ்தானாவும் இருக்கலாம். கேபின்லயே தூக்கம். குளிக்க, ஒதுங்க இடம் தேடணும். டீசலும் டயரும் திருடு போகாமப் பார்த்துக்கணும். மாட்டு வண்டிக்காரருக்குப் பேட்டையில கிடைச்ச தண்ணித் தொட்டி கூட இவருக்குக் கிடையாது. இதுல உயிர் விஷயமும் இருக்கு. நாலுவழிச் சாலை ஓரத்துல விளக்கு இல்லாம நிக்கிற லாரியில பின்னால வந்து மோதுற விபத்துச் செய்தியை நாம எத்தனை தடவை படிச்சிருக்கோம்? மோதுறது பெரும்பாலும் ஷிப்ட் முடிஞ்சு போற பைக்காவோ, திருப்பதி போயிட்டு வர்ற வேனாவோ இருக்கும். செய்தியில எப்பவும் "டிரைவர் கைது"னு முடிச்சிடுவாங்க. அவர் வேற எங்க நிறுத்தியிருக்க முடியும்னு அடுத்த வரியில யாரும் கேட்கிறதில்லை. நெடுஞ்சாலைத் திட்டங்கள்ல லாரி லே-பைன்னு ஒதுக்குப்புறம் விடுறாங்க, சரிதான். ஆனா ஒரு தொழில் நகரமும் பெங்களூரும் சேர்ந்து உருவாக்குற காத்திருப்பை அது தாங்காது.

என்னைக் கேட்டா, ஓசூர்ல முதல்ல எழுத வேண்டிய பார்க்கிங் விதி இது: ஒரு தொழிற்சாலை தினமும் இத்தனை லாரி வரவழைக்குதுன்னா, அதுல காத்திருக்குற லாரிக்கு கேட்டுக்கு உள்ள இடம் வைக்கணும். இல்லைன்னா சிப்காட் பொதுவா ஒரு லாரிப்பேட்டை கட்டி, அதுக்கு கம்பெனிகள் காசு குடுக்கணும். கழிப்பறை, குளிக்கிற இடம், சாப்பாடு, விளக்கு, காவல். அது வந்த பிறகு ரோட்டோரத்துல நிறுத்துனா அபராதம் போடுங்க, நானே கை தட்டுறேன். 1920 சட்டத்தோட வரிசை அதுதானே?

கடைத்தெருவுக்கு நான் சொல்றது வேற. அங்க மீட்டர் கணக்குதான் சரி. 2006-ல மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, நிறுத்துற இடத்தோட நில மதிப்புக்கு ஏத்த கட்டணம் வாங்கணும்னு சொல்லுது. சென்னை மாநகராட்சி 2019 வாக்குல காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய்னு செயலி வழியா வாங்க ஆரம்பிச்சது. ஓசூர்ல கட்டணம்னு சொன்னா எதிர்ப்பு வரும். "ரோடு வரி கட்டியாச்சு, இன்னும் என்ன?"ன்னு கேப்பாங்க. அந்த வரி ரோட்டுல ஓட்டுறதுக்கு. பொது நிலத்துல 134 சதுர அடியை எட்டு மணி நேரம் பிடிச்சு வெச்சுக்கிறதுக்கு அதுல அனுமதி இல்லை.

இதை யார்கிட்ட ஒப்பிட்டுப் பார்க்கணும் தெரியுமா? தரைக்கடை போடுறவங்ககிட்ட. ஓசூர் உழவர் சந்தைப் பக்கம் போனா, தளி, கெலமங்கலம் பக்கத்துல இருந்து கொத்தமல்லியும் முள்ளங்கியும் பூவும் கொண்டு வந்து, சந்தைக்கு வெளிய சாக்கு விரிச்சு உக்காந்திருக்குற அம்மாக்களைப் பார்ப்பீங்க. அவங்க பிடிக்கிற இடம் இருபது சதுர அடி இருக்குமா? ஊர் ஊருக்குத் தரைக்கடை வசூல்னு சீட்டு கிழிச்சுக் காசு வாங்குறாங்க. போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு அப்பப்ப எழுப்பியும் விடுறாங்க. பக்கத்துல அஞ்சு மடங்கு இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிற கார்கிட்ட சீட்டு இல்லை, எழுந்திருன்னு சொல்ல ஆளும் இல்லை. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014, ஊர் ஊருக்கு விற்பனைக் குழு அமைச்சு, வியாபாரிகளையும் உறுப்பினரா வெச்சு இடம் ஒதுக்கச் சொல்லுது. பார்க்கிங் இடத்தைக் கோடு போட்டுப் பிரிக்கும்போது அந்தக் குழுவும் அதே மேஜையில உக்காரணும். இல்லைன்னா பார்க்கிங் சீரமைப்புன்னு சொல்லிட்டு முதல்ல காலி பண்றது அந்த அம்மாக்களைத்தான். இதுக்கு முன்னாடி பல ஊர்ல அப்படித்தான் நடந்திருக்கு.

கடைசியா, ஓசூருக்கே உரிய ஒரு சிக்கல். நம்பர் பிளேட். ஓசூர் டிஎன்-70. ஆனா எந்தக் குடியிருப்புத் தெருவுல நடந்தாலும் ரெண்டு டிஎன்-70-க்கு நடுவுல ஒரு கேஏ-51 நிக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில வேலை, ஓசூர்ல வீடு. சட்டப்படி வேற மாநில வண்டியைப் பன்னிரண்டு மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா இங்க மறுபதிவு பண்ணணும். ஆனா தினமும் காலையில கர்நாடகா போயிட்டு ராத்திரி தமிழ்நாட்டுக்குத் திரும்புற வண்டி எந்த மாநிலத்துல "இருக்கு"? பகல்ல அங்க, ராத்திரி இங்க. பெங்களூருக்கு 2021-ல ஒப்புதல் கிடைச்ச பார்க்கிங் கொள்கை, வீட்டு முன்னாடி தெருவுல நிறுத்தக் காசு கட்டி அனுமதி வாங்கணும்னு சொல்லுது. ஜப்பான்ல 1962-லயே சட்டம் போட்டாங்க: வீட்டுல இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள, இப்ப ரெண்டு கிலோமீட்டர், நிறுத்த இடம் இருக்குன்னு சான்று காட்டினாதான் கார் பதிவு. இதுல எதை ஓசூர்ல கொண்டு வந்தாலும் முதல் கேள்வி, கேஏ வண்டிக்கு என்ன பண்றதுங்கிறதுதான். பதிவு எண்ணை வெச்சு அனுமதி குடுத்தா பாதித் தெரு வெளிய நிக்கும். அதனால அனுமதியை வண்டிக்குக் குடுக்காம, வீட்டு வரி ரசீதுக்கோ வாடகை ஒப்பந்தத்துக்கோ குடுக்குறதுதான் இங்க நடைமுறைக்கு வரும். ஒரு வீட்டுக்கு ஒரு அனுமதி, நம்பர் எந்த மாநிலமா இருந்தாலும். வாடகைக்கு இருக்குறவருக்கும் அது கிடைக்கணும், வீட்டுக்காரருக்கு மட்டும் குடுத்தா அவர் அதையும் தனியா வாடகைக்கு விடுவார்!

2025 ஆகஸ்ட்ல பெங்களூர் மெட்ரோவோட மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரைக்கும் வந்துடுச்சு. ஓசூர்ல இருந்து காலையில பைக்கை எடுத்துக்கிட்டு அத்திபெலே தாண்டிப் போய் அங்க நிறுத்திட்டு ரயில் ஏறுற ஆட்கள் நம்ம கேக்குறவங்கள்லயே இருப்பீங்க. அந்தப் பாதையை ஓசூர் வரைக்கும் நீட்டுறதைப் பத்தி ரெண்டு மாநிலத்துலயும் பேச்சு நடந்திருக்கு. நீட்டினா, கடைசி ஸ்டேஷன் வாசல்ல நிக்கப் போற ஆயிரக்கணக்கான டூவீலருக்கு இடம் எங்கன்னு இப்பவே வரைபடத்துல கோடு போட்டாகணும். நிலம் விலை ஏறின பிறகு யாரும் பேட்டைக்கு இடம் குடுக்க மாட்டாங்க. நீங்க அந்த ரூட்ல தினமும் போறவங்களா இருந்தா, வண்டியை எங்க நிறுத்துறீங்க, எவ்வளவு குடுக்குறீங்கன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. மெட்ரோவைப் பத்தின எபிசோட்ல அதை வெச்சுப் பேசலாம்.